புது ஷீட் போடும் அவசரத்தில் கேஸைக் கழற்றிவிடாதீர்கள்

கேள்வி: கருங்கல் பக்கம் எங்கள் வீடு. மொட்டைமாடியில் ட்ரஸ் (ஷீட்டைத் தாங்கும் இரும்புக் குழாய்ச் சட்டம்) அடித்து ஷீட் போட ஒருவரிடம் 3,60,000 ரூபாய்க்குப் பேசினோம். 0.50 மி.மீ. கம்பெனி ஷீட் என்று கொட்டேஷனில் எழுதித் தந்தார். இதுவரை 2,80,000 கொடுத்தாயிற்று. அதில் 2 லட்சம், அவர் சொன்னபடி அவருடைய மச்சான் நம்பருக்கு ஜிபே செய்தது. ஆனி மழையிலேயே ஒழுகியது, காற்றில் மூன்று ஷீட் பிய்ந்துவிட்டது. போட்டதே மெல்லிய ஷீட் என்கிறார்கள். மீதி 80,000 கேட்டு வாட்ஸ்அப்பில் மிரட்டுகிறார், அம்மாவையும் கேவலமாகப் பேசினார். கணவர் குவைத்தில். வேறொரு கான்ட்ராக்டர் எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். 420 கேஸ் கொடுக்கலாமா?

பதில்: அம்மாவைப் பேசியது வருத்தம்தான், ஆனால் அதை வைத்து உங்கள் பணம் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. எதைப் போடுவதாகச் சொன்னார், மேலே எது கிடக்கிறது, கேஸில் நிற்பது இந்த வித்தியாசம் மட்டும்தான். முதல் பாதிக்குக் கொட்டேஷன் இருக்கிறது. இரண்டாவது பாதிக்கு சாட்சி அந்தக் கூரையேதான். அதனால் புதுக் கான்ட்ராக்டரை இன்றைக்கே நிறுத்துங்கள்.

என்னிடம் வந்தவர்களில் பலர் விழுந்தது இந்தக் குழியில்தான். மழைக்குப் பயந்து கூரையை மாற்றிவிட்டு, பழைய ஷீட்டை ஆக்கர் கடைக்கு (பழைய இரும்புக் கடைக்கு) போட்டுவிட்டு, போனில் நாலு போட்டோவோடு வருவார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது ஒரே கேள்வி: "இது என் கட்சிக்காரர் போட்ட ஷீட் என்பதற்கு என்ன ஆதாரம், புதிதாக வந்தவர் வளைத்து உடைத்தது இல்லை என்பதற்கு என்ன ஆதாரம்?" அதோடு முடிந்தது. புதுக் கான்ட்ராக்டர் எழுதித் தரும் எஸ்டிமேட்டை நம்பியும் வராதீர்கள், வேலை கிடைக்க வேண்டும் என்று காத்திருக்கும் ஆள் முந்தையவனைக் குறை சொல்லாமல் வேறென்ன செய்வார்?

இரண்டு பேருக்கும் தொடர்பில்லாத ஒரு சிவில் இன்ஜினியரைப் பிடியுங்கள். இன்ன தேதியில் அளக்கப்போகிறோம், விருப்பமிருந்தால் வரலாம் என்று கூரை போட்டவருக்கு, பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் போய்விடட்டும். விசிட்டிங் கார்டில் உள்ள கடைப்பெயருக்கு மட்டும் அனுப்பாமல், அவர் சொந்தப் பெயர், வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். இன்ஜினியர் ஸ்க்ரூ கேஜ் வைத்துப் பல இடங்களில் தடிமன் எடுக்கட்டும், குழாய்களின் இடைவெளி, ஸ்க்ரூ, வாஷர் எல்லாம் பார்த்து தேதியோடு கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் தரட்டும். ஷீட்டின் அடிப்பக்கம் கம்பெனி பெயர் அச்சு இருந்தால் அதையும், இல்லாவிட்டால் இல்லை என்பதையும் எழுதட்டும். அதுவரை ஒழுகும் இடத்துக்கு தார்பாய். பிய்ந்த மூன்றையும் வீட்டுக்குள் பத்திரமாக வையுங்கள்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420, இப்போது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 318. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது மோசடி. வேலையை மோசமாகச் செய்தது மட்டும் போதாது. ஸ்டேஷனுக்குப் போனால் பெரும்பாலும் இருவரையும் உட்காரவைத்து எழுதி வாங்குவார்கள். அங்கே களைப்பில் "இனி எங்களுக்குள் எந்தப் பிரச்சனையும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால், அந்தத் தாளை முதலில் நீட்டப்போவது அவர்தான்.

அப்புறம் அந்த மச்சான் நம்பர். நாளைக்கே "அது கைமாற்றாக வாங்கிய பணம், இதற்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை" என்பார்கள். ஆனால் மீதி 80,000 கேட்டு வாட்ஸ்அப்பில் மிரட்டுகிறாரே, அவர் உங்களுக்குச் செய்த ஒரே உபகாரம் அது. 3,60,000-இல் 80,000 மீதி என்றால் 2,80,000 வந்தது என்று அவரே ஒப்புக்கொண்டது போலத்தான். இன்னும் உறுதியாக, "மச்சான் நம்பருக்குப் போட்ட 2 லட்சத்தையும் சேர்த்துத்தானே 80 மீதி?" என்று கேட்டு ஒரு மெசேஜ் போடுங்கள். பணம் வேண்டும் என்ற அவசரத்தில் ஆமாம் என்பார். அந்தப் போனை விற்காதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள், கோர்ட்டில் புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்குத் தரும் சான்றோடு அது தேவைப்படும்.

வழக்கு என்றால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போட வேண்டும். "ஓணம் கழியட்டும், கிறிஸ்துமஸ் கழியட்டும்" என்று அவர் இழுப்பதால் அந்தக் கெடு நீளாது.

ஆனால் நேராகச் சொல்கிறேன், ரிப்போர்ட்டில் ட்ரஸ் நன்றாக இருக்கிறது, ஷீட் மட்டும் மோசம் என்று வந்தால் சமாதானமாகப் போங்கள். உங்கள் பலம் கையில் இருக்கும் 80,000. அதில் அவருக்கு ஒரு ரூபாய்கூட இப்போது கொடுக்காதீர்கள். 60,000-ஐ நீங்களே கடையில் கட்டி, உங்கள் பெயரில் பில் போட்டு 0.50 ஷீட் வாங்குங்கள். அதற்கு மேல் ஆகும் தொகையும் கூலியும் அவர் பொறுப்பு. இதற்கு ஒத்துக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் ரிப்போர்ட்டோடு ஆணையத்துக்குப் போகலாம். ட்ரஸ்ஸே பலவீனம் என்று வந்தால் ஷீட் சமாதானம் பேசவே வேண்டாம், அடுத்த காற்றில் மொத்தமும் போகும். எழுதும் ஒப்பந்தத்தில், கடைசி 20,000 ஐப்பசி மழை ஒழுகாமல் கழிந்த பிறகுதான், அதுவும் அவர் சொந்த வங்கிக் கணக்குக்குத்தான் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும்.