டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம்

கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வசிக்கிறேன். கோயில் மடப்பள்ளியில் வேலை. வார இறுதிகளில் கல்யாணச் சமையல். இங்கேயே பிறந்த என் மகள் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இதுவரை என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதியுதவித் திட்டத்தின் பணத்தில் படிப்பு ஓடியது. ஆனர்ஸுக்கு அந்தப் பணம் கிடைக்காது என்கிறார்கள். டிசம்பரில் தேர்வு முடிவுகள் வந்ததும் வேறு வழி பார்க்கலாம் என்றிருக்கிறோம். வங்கிக் கடன் வாங்கலாமா, இல்லை சென்னைக்கு அனுப்பி எம்.எஸ்ஸி. படிக்க வைத்துவிடலாமா? அவள் எழுதிய நோக்கக் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு தந்தை, சாட்ஸ்வொர்த்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் அடிக்கோடிட்டது 'டிசம்பரில் தேர்வு முடிவுகள் வந்ததும்' என்ற சொற்களை. இந்த நாட்டில் பட்ட மேற்படிப்புக்கான உதவித்தொகைகளில் பெரும்பாலானவை, படிப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டிலேயே விண்ணப்பங்களை வாங்கி முடித்துவிடுகின்றன. பிப்ரவரியில் வகுப்புக்குப் போக வேண்டிய பெண் டிசம்பரில் படிவம் தேடுவது, பந்தி எழுந்த பிறகு இலை கேட்பதைப் போன்றது. உங்கள் தொழிலில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கையிலிருக்கும் இரண்டரை ஆண்டு மதிப்பெண்களை வைத்து இப்போதே விண்ணப்பிக்கலாம்; இறுதி முடிவுகளைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள்.

ஆனர்ஸ் என்றதும் நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இளங்கலையின் ஒரு வகைதான் நினைவுக்கு வரும். இங்கே அது மூன்றாண்டு இளங்கலைக்குப் பின் தனியாக விண்ணப்பித்துச் சேர வேண்டிய ஓராண்டுப் படிப்பு. தேசியத் தகுதி வரிசையில் இளங்கலை 7-ஆம் நிலை, ஆனர்ஸ் 8, முதுகலை 9, முனைவர் பட்டம் 10. என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். முதல் பட்டத்துக்கான ஏற்பாடு என்பதால், உங்கள் மகளின் துறையில் அது 7-ஆம் படியோடு நின்றுவிடுகிறது. நன்றாகப் படித்த எத்தனையோ பிள்ளைகள் இந்த ஒரே ஓராண்டுக்குப் பணமில்லாமல் ஏதோ ஒரு கடையில் கணக்கெழுதப் போய்விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஓராண்டைத் தாங்குவதற்கென்றே என்.ஆர்.எஃப். என்று வழங்கும் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகை இருக்கிறது. 2021 முதல் அதை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள்: படிப்பின் முழுச் செலவையும் ஏற்பது ஒன்று, ஒரு பகுதியை மட்டும் ஏற்பது மற்றொன்று. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ரேண்டைத் தாண்டாத மாணவர்கள் முழுச் செலவுக்கும் விண்ணப்பிக்கலாம், என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். பணத்தில் படித்த உங்கள் மகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான் வருவாள். ஆனர்ஸுக்கு விண்ணப்பிக்கும் ஆண்டில் வயது 28-க்கு மேல் போகக் கூடாது. அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. ஆனால், என்.ஆர்.எஃப். அறிவிக்கும் கடைசித் தேதியை நம்பி இருந்துவிடாதீர்கள். விண்ணப்பங்களைப் பல்கலைக்கழகம் முதலில் சரிபார்த்து அனுப்புவதால், அதற்கென்று உள்தேதி ஒன்று முன்கூட்டியே வரும். அந்தத் தேதியைத்தான் சமையலறை நாள்காட்டியில் குறிக்க வேண்டும். ஆனர்ஸுக்குக் கிடைத்த தொகை முதுகலைக்குத் தானாக நீளாது என்பதையும், அதற்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கூடவே மண்டேலா ரோட்ஸ் உதவித்தொகையையும் பார்க்கச் சொல்லுங்கள். 19 முதல் 29 வயது வரையிலான ஆப்பிரிக்க நாட்டுக் குடிமக்களுக்கு ஆனர்ஸ் அல்லது முதுகலை படிக்கத் தருகிறார்கள். போட்டி கடுமை.

உங்களைப் போன்ற குடும்பங்கள் இடறுவது வருமானச் சான்றில். மடப்பள்ளிச் சம்பளத்துக்குச் சீட்டு இருக்கும். கல்யாணச் சமையல் பணம் கையில் வந்து கையோடு போய்விடும். அதை மறைக்கவும் வேண்டாம், ஊதிச் சொல்லவும் வேண்டாம். போலீஸ் நிலையத்துக்குப் போய், சராசரியாக மாதம் இவ்வளவு வருகிறது என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், கட்டணம் இல்லை. அடையாள அட்டை, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்களுக்கும் அங்கேயே சான்றொப்பம் வாங்கிவிடலாம். மூன்று மாதத்துக்கு முந்தைய முத்திரையைப் பல இடங்களில் ஏற்பதில்லை என்பதால் மொத்தமாக இருபது நகல் எடுத்து வைத்துக்கொள்வதில் பயனில்லை. இன்னொன்று, பல்கலைக்கழகத்தில் கட்டணப் பாக்கி இருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். என் அக்கா மகனுக்குப் பழைய விடுதிக் கட்டணம் கொஞ்சம் நின்றுபோயிருந்ததால், அவன் படித்த இடத்தில் பட்டச் சான்றிதழைக் கொடுக்காமல் நிறுத்திவைத்தார்கள். அதைத் தீர்ப்பதற்குள் சேர்க்கைக் காலம் போய்விட்டது.

நோக்கக் கடிதத்தைப் படித்தேன். 'சிறுவயது முதலே எனக்கு அறிவியலில் ஆர்வம்' என்று தொடங்குகிறது; தேர்வுக் குழுவினர் அன்றைக்கே நூறு முறை படித்திருக்கக்கூடிய வாக்கியம் அது. ஆனால் கடைசிப் பத்திக்கு முன்னால், ஒட்டவைத்ததைப் போல இரண்டு வரிகள் இருக்கின்றன: 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில், பீச்வுட் அலையாத்திக் காட்டுச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி, நூல் கட்டிய சதுரங்களுக்குள் முளைத்திருந்த கன்றுகளை எண்ணியிருக்கிறாள், ஒரு சதுரத்தில் கன்றே இல்லாததற்குக் காரணம் மணல் மூடியதா, நண்டு தின்றதா என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறாள். அந்தத் தெரியாமைதான் அவளுடைய ஆனர்ஸ். கடிதம் அந்தச் சதுரத்திலிருந்து தொடங்கட்டும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தத் துறையில் வேலை செய்யும் பேராசிரியரை இப்போதே நேரில் பார்க்கட்டும். வழிகாட்ட ஒருவர் முன்வந்துவிட்டால், ஆய்வுத் திட்டத்தில் இருக்கும் பணம், முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வகத்தில் உதவிசெய்து மணிக்கணக்கில் பெறும் ஊதியம் போன்றவை தாமாகக் கண்ணில் படும்.

சென்னையைப் பொறுத்தவரை, இங்கே வாங்கும் மூன்றாண்டுப் பட்டத்தை வைத்து எம்.எஸ்ஸி. சேரலாம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே அவள் வெளிநாட்டு மாணவி. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் தகுதிச் சமநிலைச் சான்று கேட்பார்கள், கட்டணமும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குரியதாக இருக்காது. திரும்பி வந்தால் அந்தப் பட்டத்தை இங்கே தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையமான சாக்வாவிடம் மதிப்பிட்டு வாங்க வேண்டும். பாட்டி வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் என்பதைத் தவிர எனக்கு அதில் பெரிய லாபம் தெரியவில்லை.

கடனைக் கடைசியில் வையுங்கள். படிக்கும் காலத்தில் வட்டியைப் பிணையாளி கட்ட வேண்டியிருக்கும். பிணையாளி நீங்கள்தான், முகூர்த்தம் இல்லாத மாதங்களிலும். 1961-இல் துறைமுகத்தின் சாலிஸ்பரித் தீவில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய கல்லூரிக்குப் படகேறிப் போன தலைமுறையை எனக்குத் தெரியும். அம்மாவின் வளையல் அடகில் இருந்தபடியே படித்து முடித்தவர்கள் அவர்களில் உண்டு. அந்தக் கல்லூரிதான் பின்னர் வெஸ்ட்வில் மேட்டுக்கு நகர்ந்து, 2004-இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இன்று உங்கள் மகள் படிக்கும் இடமாயிற்று. அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது, தேதி தவறாமல் இருந்தால்.

திருத்திய கடிதத்தை அவளே எனக்கு அனுப்பட்டும். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

அன்புடன்.