சிவில் முடித்து ராணுவத்தில் இன்ஜினியர் அதிகாரியானால் முதல் சில வருடம் என்ன வேலை?

'கடைசியில் குவார்ட்டர்ஸ் மராமத்துதான்' என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள் போல. ராணுவக் கட்டடங்களைக் கட்டிப் பராமரிக்கும் எம்.இ.எஸ். பிரிவில் போஸ்டிங் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சேப்பர்ஸில், அதாவது ராணுவப் பொறியாளர் படையில், சேரும் லெப்டினன்ட் முதலில் கற்க வேண்டியது வேறு. புனேயில் உள்ள ராணுவப் பொறியியல் கல்லூரியான சி.எம்.இ.யில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் பாலம், கண்ணிவெடி, வெடிவைத்துத் தகர்ப்பது எல்லாம் வரும்.

'பேனல்' எனும் ஆயத்த இரும்புச் சட்டங்களைக் கோத்துப் போடும் பெய்லி பாலத்தையே பாருங்கள். ஒரு பேனல் 10 அடி, சுமார் 260 கிலோ. கையால் தூக்க ஆறு பேர் வேண்டும். 2024-ல் வயநாடு சூரல்மலையில் மெட்ராஸ் சேப்பர்ஸ் போட்டது 190 அடி, அதாவது 19 பேனல் நீளம். தாங்கும் எடை 24 டன்.

அளவெடுக்கப் போகும் புது அதிகாரி ஆற்றின் அகலத்தோடு நிறுத்தக்கூடாது. பாலத்தைக் கோத்துத் தள்ளக் கரைக்குப் பின்னால் இடம் வேண்டும். முன்னால் தளமில்லாத, எடை குறைந்த 'நோஸ்' மாட்டி ரோலர் மேல் தள்ளுவார்கள். நோஸ் எதிர்க்கரையைத் தொடும்வரை மொத்த எடையின் மையம் இக்கரை ரோலருக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும்; தாண்டினால் பாலம் தலைகுப்புற ஆற்றில். நோஸ் நுனி தன் எடையிலேயே தொங்கும் என்பதால், 'லாஞ்சிங் லிங்க்' என்ற இணைப்புத் துண்டைப் போட்டு முன்கூட்டியே நிமிர்த்திவைப்பார்கள்.

சொதப்புவது பெரும்பாலும் ரோலர் மட்டத்தில். மழையில் ஊறிய மண்ணில் ஒரு பக்கம் இறங்கினால் பாலம் முறுக்கும், பேனல்களை இணைக்கும் பின்னுக்கான (pin) துளைகள் நேர்படாது. அப்போது சுத்தியலைத் தேடாமல் மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். பேனல் பின்னின் தலையில் உள்ள கோடு படுக்கையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மறுமுனையில் சேஃப்டி பின் மாட்டப் பேனலின் விளிம்பு இடிக்கும். 'இது டிப்ளமோ வேலை' என்பவர்கள் இருட்டில் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.

கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். பொறியியல் பட்டதாரிகள் ராணுவ அதிகாரியாகச் சேரும் வழிகளான எஸ்.எஸ்.சி. டெக் (குறுகிய காலப் பணி), டி.ஜி.சி. (நிரந்தரப் பணி) இரண்டுக்கும் எழுத்துத் தேர்வே கிடையாது. டிகிரி மதிப்பெண் பார்த்து நேரே எஸ்.எஸ்.பி. எனும் அதிகாரி தேர்வுக் குழுவின் நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். இல்லாத தேர்வுக்கு வகுப்பு நடத்திக் கட்டணம் வாங்கும் கோச்சிங் சென்டர்களை நினைத்தாலே வயிறு எரிகிறது. கிராமத்துப் பிள்ளைகள்தான் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று, சிவில் படித்தால் சேப்பர்ஸ் நிச்சயம் என்றும் எண்ணாதீர்கள். விருப்பம் கேட்பார்கள், தேவையைப் பொறுத்து வேறு பிரிவும் கிடைக்கலாம்.