ஃபில் கேகி யார்? ராக் கிதார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அவரைப் புகழ்ந்தது உண்மையா?

"உலகிலேயே சிறந்த கிதார் கலைஞர் நான் இல்லை, ஃபில் கேகிதான்" என்று ஹென்ட்ரிக்ஸ் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. கேகியே அதை மறுத்திருக்கிறார்.

கேகி 1951-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் பிறந்த கிதார் கலைஞர். நான்கு வயதில் தண்ணீர் பம்பில் சிக்கி, வலது கை நடுவிரலில் பாதி போய்விட்டது. அவர் தந்தியை மீட்டுவது அந்தக் கையால்தான்! கேட்டுப் பார்த்தால் குறை எதுவும் காதில் படாது.

கிளாஸ் ஹார்ப் என்ற மூவர் ராக் குழுவில்தான் பெயர் எடுத்தார். 1970-இல் கார் விபத்தில் தாயை இழந்த துயரத்தில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். 1972-இல், குழு வளர்ந்துவந்த நேரத்திலேயே விலகினார். அடுத்த ஆண்டு வந்த முதல் தனி ஆல்பத்தில் எல்லா வாத்தியங்களும் அவரே.

அப்புறம் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆல்பங்கள், கிறிஸ்தவ இசைக்காகத் தரப்படும் டவ் விருதுகள் பல. மேடையில் ஒரு துணுக்கை வாசித்து, லூப் கருவியில் பதிந்து ஓடவிட்டு, அதன்மேல் அடுக்கடுக்காக வாசிப்பார். ஒரே ஆள், கேட்பதற்கு ஒரு குழு மாதிரி. பாட்டை விட வாத்திய இசைதான் அவருடைய பலம் என்பது என் கருத்து. 1978-இல் வந்த 'தி மாஸ்டர் அண்ட் தி மியூசிஷியன்' ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள்.