கோத்தகிரி வீட்டில் விறகுக் கணப்பை எரிவாயுவுக்கு மாற்றலாமா? பராமரிப்பு எப்படி?

கோத்தகிரியில் பழைய கல் வீடு, கூடத்தில் விறகு எரிக்கும் கணப்பு, வீட்டில் இளைப்பு உள்ள அம்மிச்சி. எரிவாயுவுக்கு மாற்றினால் உண்மையில் நன்மை உண்டா, மாற்றியபின் பராமரிப்பு எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம், அம்மிச்சிக்காகவாவது மாற்றுவது நல்லது. ஆனால் முன்புறம் கண்ணாடியால் மூடப்பட்டு, எரிந்த காற்று முழுவதும் குழாய் வழியே வெளியே போகும் வகையாக இருந்தால் மட்டுமே மாற்றுங்கள். மேட்டுப்பாளையத்தில் பேக்கரிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் எரிவாயு அடுப்பு பொருத்திப் பழுதுபார்ப்பது என் தொழில். குளிர்காலம் தொடங்கும் முன் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கணப்புகளைச் சர்வீஸ் செய்யவும் போவதுண்டு. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

திறந்த கணப்பில் விறகு எரியும்போது வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே மேலே போய்விடுகிறது. அறைக்குக் கிடைப்பது பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான். அதோடு அந்த நெருப்பு அறையின் வெதுவெதுப்பான காற்றையும் இழுத்துக்கொண்டு போவதால், முன்னே உட்கார்ந்தவருக்கு முகம் சுட, முதுகு குளிரும். விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அதாவது ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்வதால், ஐப்பசி கார்த்திகையில் நனைந்த சீகை மரமும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) மார்கழிக் குளிருக்குள் காய்வதே இல்லை. ஈர விறகின் வெப்பம் முதலில் அந்த நீரை ஆவியாக்கவே செலவாகிறது; நெருப்பு தணிந்து எரிய, புகை கூடுகிறது; அந்தப் புகை குளிர்ந்த புகைபோக்கியின் உட்சுவரில் கீல் போலப் படிகிறது. வருடக்கணக்கில் சேர்ந்த அந்தப் படிவு ஒருநாள் தீப்பிடித்தால், புகைபோக்கிக்குள்ளேயே கடும் நெருப்பு எரிந்து, கூரை மரத்துக்குத் தாவக்கூடும். அறைக்குள் திரும்பும் புகையில் உள்ள நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம் வரை செல்வன. இளைப்பு உள்ளவருக்கு அவை எவ்வளவு கேடு என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

செலவைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஓரளவு காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 4 யூனிட் (மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்) வெப்பம் தரும். ஒரு மாலையில் 10 கிலோ எரித்தால் 40 யூனிட். அதில் அறைக்குச் சேர்வது 4 முதல் 8 யூனிட். சமையல் எரிவாயு கிலோவுக்கு 13 யூனிட்டை நெருங்கும். மணிக்கு 5 யூனிட் எரிக்கும் கணப்பு 400 கிராம் அளவே செலவழிக்கும். கண்ணாடி மூடிய நல்ல கணப்பு அதில் 70 சதவீதத்தையாவது அறைக்குத் தரும். மூன்று மணி நேரத்தில் 1.2 கிலோ எரிவாயுவில் 10 யூனிட்டுக்கு மேல் கிடைத்துவிடுகிறது. ஒரு 19 கிலோ சிலிண்டர் இந்தக் கணக்கில் பதினைந்து இரவுகளுக்கு வரும். சமையலுக்கென்று தரும் 14.2 கிலோ சிலிண்டரை இதற்குத் திருப்பாதீர்கள்; விநியோகஸ்தரிடம் முறையாகக் கேட்டு வணிகச் சிலிண்டரே வாங்குங்கள்.

விறகின் பக்கமும் நியாயம் உண்டு. சொந்தத் தோட்டத்தில் கவாத்து செய்த தேயிலை மிலாரும் விழுந்த கிளைகளும் காசில்லாமல் கிடைக்கின்றன. மண்சரிந்து மலைப்பாதை அடைபட்டால் சிலிண்டர் வண்டி வராது, விறகு வீட்டிலேயே இருக்கும். இன்னொன்று, பலர் எண்ணிப் பார்க்காதது: விறகு கெட்ட முறையில் எரிந்தால் கண் எரியும், இருமல் வரும், உடனே கதவைத் திறந்துவிடுவோம். எரிவாயு அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி, தூங்குபவரை எழுப்பாமலே கொல்லக்கூடியது அது. விறகு பெரும்பாலும் தன் குறையைத் தானே சொல்லிவிடுகிறது. எரிவாயுவின் குறையை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். பராமரிப்பை நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

புகைபோக்கியே வேண்டாம் என்று விற்கப்படும் கணப்புகளைத் தயவுசெய்து வாங்காதீர்கள். ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி உண்டாகிறது. ஒரு மாலையில் ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் உங்கள் கூடத்துச் சுவர்களில் இறங்கும். ஏற்கெனவே ஓதம் காக்கும் மலை வீட்டில் பூஞ்சை படர அது போதும், அம்மிச்சியின் நெஞ்சுக்கும் ஆகாது. பழைய கல் புகைபோக்கியையே பயன்படுத்துவதானால், முதலில் கீல் படிவு முழுவதையும் சுரண்டி எடுத்து, உள்ளே எவர்சில்வர் குழாய் இறக்கி, உச்சியில் பறவையும் மழையும் புகாத தொப்பி போட வேண்டும்.

மலைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே கன அளவுக் காற்றில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால், சமவெளிக்கென்று வைத்த ஜெட் (எரிவாயு வெளிவரும் சிறு துளையுள்ள முனை) அங்கே தேவைக்கு மேல் எரிவாயுவை விடும்; சுடர் மஞ்சளாக நீண்டு கரி படியும். எனவே பொருத்துபவரிடம், அந்த உயரத்துக்குத் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் ஜெட்தான் போடப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். கோயம்புத்தூரில் குழாய்வழி இயற்கை எரிவாயுவில் ஓடிய கணப்பை யாராவது பழைய விலைக்குக் கொடுத்தால், ஜெட்டை மாற்றாமல் சிலிண்டரில் இணைக்கவே கூடாது. இரண்டு வாயுக்களுக்கும் துளை அளவு வேறு.

பராமரிப்பில் முதலிடம் பைலட் சுடருக்கு, அதாவது பெரிய நெருப்பைப் பற்றவைக்க எரிந்துகொண்டிருக்கும் சிறு சுடருக்கு. அது நீல நிறத்தில் நிமிர்ந்து நின்று, பக்கத்திலுள்ள தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியின் நுனியை நன்றாகத் தழுவ வேண்டும். அந்த நுனி சூடாக இருக்கும்வரை உண்டாகும் சிறு மின்னழுத்தமே எரிவாயு வால்வைத் திறந்து வைத்திருக்கிறது. சுடர் அணைந்தால் நுனி ஆறி, வால்வு தானாக மூடிக்கொள்ளும். இவ்வகைக் கணப்புக்கு வெளி மின்சாரம் தேவையில்லை என்பது, மழையில் கரண்ட் போகும் ஊரில் பெரிய வசதி. பைலட் அடிக்கடி அணைகிறதென்று வால்வின் குமிழை எதையாவது வைத்து அழுத்திக் கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். அது உயிரோடு விளையாடுவது. பெரும்பாலும் காரணம் சிறியதாகவே இருக்கும்: வெயில்காலம் முழுவதும் சும்மா இருந்த குழலுக்குள் சிலந்தி வலை, பைலட் துளையில் தூசு, தெர்மோகப்பிள் நுனியில் கரி. மூன்றையும் மெல்லிய பிரஷ்ஷும் காற்றும் கொண்டு நீக்கலாம். ஜெட்டின் துளைக்குள் மட்டும் ஊசி விடக்கூடாது, துளை பெரிதாகிவிடும்.

உள்ளே அழகுக்காக வைத்திருக்கும் பீங்கான் கட்டைகளை எடுத்துத் துடைத்தால், கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்து அதே இடத்தில் வையுங்கள். கட்டை சற்று நகர்ந்து சுடரின் குறுக்கே நின்றாலே எரிப்பு கெட்டுக் கரி வரும். கண்ணாடியில் படியும் வெண்மையான மங்கலை, முழுவதும் ஆறியபின், அதற்கென்று உள்ள திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா கலந்த ஜன்னல் திரவம் கண்ணாடியைக் கெடுக்கும். வெள்ளைக்குப் பதில் கறுப்பாகப் படிந்தால் துடைத்துவிட்டு ஓட்டாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள கயிறு போன்ற கேஸ்கட் (இடுக்கை அடைக்கும் பட்டை) நைந்திருந்தால் மாற்ற வேண்டும்.

சிலிண்டர் வீட்டுக்கு வெளியே, தரைமட்டத்துக்கு மேலே, நிமிர்ந்து நிற்கட்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் சாக்கடை வாய்க்கோ நிலவறைக்கோ அருகில் வைக்கக்கூடாது. கடுங்குளிரில் அழுத்தம் குறைந்து சுடர் சிறுத்தால், சிலிண்டருக்குச் சூடு காட்டாதீர்கள். சுவருக்குள் போகும் வழிக்குச் செம்புக் குழாயே ஏற்றது. ரப்பர் குழாய் இருந்தால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இணைப்புகளைச் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது நீங்களே செய்யக்கூடியது. தீக்குச்சியால் சோதிப்பது ஒருபோதும் கூடாது.

மற்றதை ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசியிலேயே ஆள் வைத்துச் செய்துவிடுங்கள். வந்தவர் துடைத்துவிட்டு உடனே கிளம்பவிடாமல், கால் மணி நேரம் எரியவிட்டுச் சுடரையும் புகைபோக்கியின் இழுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு எச்சரிக்கைக் கருவிகளும் வாங்குங்கள்: எரிவாயுக் கசிவுக்கானது தரையை ஒட்டி, கணப்பின் அருகே, கார்பன் மோனாக்சைடுக்கானது அதன் கையேடு சொல்லும் உயரத்தில், அம்மிச்சி தூங்கும் அறையில்.