தறியை விற்று டாக்டர் பட்டம் வேண்டாம்

போன வாரம் குமாரபாளையத்திலிருந்து அப்பா, அம்மா, மகன் மூவரும் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். பையன் பயாலஜி குரூப். 2 முறை நீட் எழுதியும் தகுதி மதிப்பெண்ணோடு நின்றுவிட்டது, சீட் கிடைக்கவில்லை. 12 தறியில் பாதியை விற்று, வீட்டுப் பத்திரத்தையும் அடகு வைத்து டாக்டருக்குப் படிக்க ஜார்ஜியாவுக்கு அனுப்பலாம் என்பது அப்பாவின் திட்டம். "பங்காளி வீட்டுப் பசங்கெல்லாம் டாக்டரு, இன்ஜினீருங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு விசேஷத்துக்குப் போறது சார்?" என்றார். கண் கலங்கிவிட்டது.

பையனிடம் பேசினேன். பக்கவாதத்தில் படுத்த தாத்தாவை ஒன்றரை வருஷம் பார்த்துக்கொண்டவன் அவன்தான். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது எல்லாம். "ஒரு படுக்கைப் புண்கூட வர விடலைங்க சார்" என்றபோதுதான் அவன் முகம் தெளிந்தது. நர்சிங் படிக்க ஆசை என்றான். அப்பா குறுக்கே வந்தார்: "ஆம்பளைப் பையன் நர்ஸுன்னா எவன் பொண்ணு குடுப்பான்?"

ஐயா, உங்கள் தங்கை மகள் ஈரோட்டில் நர்ஸாக இருப்பதைப் பெருமையாகச் சொன்னதே நீங்கள்தான். அவளுக்குக் கௌரவமான வேலை உங்கள் மகனுக்கு மட்டும் எப்படி அவமானமாகும்? ஆண் என்றால் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம், கல்யாணப் பத்திரிகையில் ஒரு பதவி வேண்டும் என்று ஊர் வைத்திருக்கும் அளவுகோலால் இத்தனை வருஷம் உங்களையே அளந்து நொந்திருக்கிறீர்கள். இப்போது அதையே மகன் கையில் கொடுக்கிறீர்கள்.

ஜார்ஜியா கணக்கையும் பார்த்துவிடுவோம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிப்படி வெளிநாட்டில் படிப்பு 54 மாதம், அங்கேயே பயிற்சி 12 மாதம். திரும்பி வந்து எஃப்எம்ஜிஇ, அதாவது வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வு. அதில் தேறுகிறவர்களைவிடத் தேறாதவர்கள்தான் அதிகம். தேறினாலும் இங்கே இன்னொரு வருஷப் பயிற்சி. அவன் விரும்பாத ஒன்றுக்காக உங்கள் 6 தறி போகும். கூடாது.

பி.எஸ்சி. நர்சிங் 4 வருஷம், 8 செமஸ்டர். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. கடைசி செமஸ்டர் முழுக்க வார்டில் இன்டர்ன்ஷிப். ஐசியூவில் வென்டிலேட்டரைக் கவனிப்பது, சிரிஞ்ச் பம்பில் மருந்தின் அளவைச் சரிபார்ப்பது, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர், எமர்ஜென்சி என்று போகப் போக வேலை விரியும். ஆண் நோயாளிக்கு மூத்திரக் குழாய் போடும்போது பக்கத்தில் ஓர் ஆண் நர்ஸ் நின்றால் அவருக்கு எவ்வளவு கூச்சம் குறையும் என்பது படுத்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும். மேலே படிக்க எம்.எஸ்சி. இருக்கிறது. அதிலேயே தீவிர சிகிச்சைக்கென்று நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் உண்டு.

எய்ம்ஸ் மருத்துவமனைகளில் பதவியின் பெயர் நர்சிங் ஆபீசர். அதற்கென்று நடத்தும் நார்செட் என்கிற பொதுத் தேர்வை எழுத வேண்டும். அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்கும். ஆனால் அங்கே 80 சதவீத இடம் பெண்களுக்கு. ஆண்களுக்குப் போட்டி கடுமை, அதை மறைக்க மாட்டேன். தனியார் மருத்துவமனையில் முதல் 2 வருஷச் சம்பளமும் குறைவுதான். ஐசியூ அனுபவம் சேர்ந்த பிறகு ஜெர்மனி, பிரிட்டன், வளைகுடா நாடுகள் என்று வாய்ப்பு விரியும். ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி2 என்கிற தேர்ச்சி நிலை வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்ஸுகளை அனுப்புகிறது, இடைத்தரகர் தேவையில்லை.

காலேஜ் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு, சொந்த மருத்துவமனையில் எத்தனை படுக்கை என்று கேளுங்கள். ஒரே வருஷத்தில் நர்ஸ் ஆகலாம் என்கிற சான்றிதழ் படிப்புப் பக்கம் போகவே வேண்டாம். அதை வைத்து நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது.

வெள்ளிக்கிழமைக்குள் ஏஜென்டுக்கு முன்பணம் கட்ட வேண்டும் என்றீர்கள். கட்டாதீர்கள். பையனுடைய மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் கொடுத்து அவனை மட்டும் என்னிடம் அனுப்புங்கள். விண்ணப்பத்தை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து நிரப்புகிறோம்.