நத்தைக்குத் தேயிலைச் சாயமா, கோப்பிச் சாறா?

கேள்வி: கந்தப்பளையில் கால் ஏக்கரில் கோவாவும் லீக்ஸும் பயிரிட்டிருக்கிறேன். மழை தொடங்கியதிலிருந்து ஓடில்லாத நத்தைகள் இரவோடிரவாக நாற்றுகளை அரித்துவிடுகின்றன. தேயிலைச் சாயத்தைக் காய்ச்சித் தெளித்தேன், பலனில்லை. தேயிலையில் இருப்பது வேறு, கோப்பியில் இருக்கும் கஃபீன்தான் நத்தையைக் கொல்லும் என்று கூறி, மருந்துக் கடைக்காரர் கோப்பிச் சாறு என்று ஒரு போத்தலைத் தந்திருக்கிறார். இரண்டையும் மாற்றி மாற்றித் தெளிக்கலாமா ஐயா?

பதில்: கடைக்காரர் கூறியது பிழை. தேயிலையின் கஃபீனும் கோப்பியின் கஃபீனும் அணுவுக்கு அணு ஒன்றே. வேறுபடுவது, அந்தப் பொருளை இரு செடிகளும் அடைந்த வழி மட்டுமே. நெருங்கிய உறவில்லாத இவ்விரண்டுக்கும் கஃபீன் செய்யும் திறன் ஒரு பொது மூதாதையிடமிருந்து வரவில்லை. சாலிசிலிக் அமிலம் போன்ற செடிப் பொருட்களில் மெதைல் கூட்டம் எனும் சிறு அணுத் தொகுதியைச் சேர்க்கும் நொதியங்கள் செடிகளிடம் வேறு வேலைக்காக முன்பே இருந்தன. அந்த நொதியக் குடும்பத்தின் ஒரு கிளையைக் கோப்பியும் இன்னொரு கிளையைத் தேயிலையும் தனித்தனியே மாற்றியமைத்துக்கொண்டன. 2014இல் கோப்பியின் மரபணுத் தொகுதி வெளியானபோது இது மேலும் உறுதியாயிற்று. கொக்கோவிலும் தோடம்பூவிலும்கூடக் கஃபீன் உண்டு.

ஆகவே சாயத்தையும் சாற்றையும் மாற்றித் தெளிப்பது, ஒரே மருந்தை இரண்டு பெயரில் தெளிப்பதாகும். அந்த மருந்தும் எல்லாவற்றையும் தடுப்பதில்லை. கோப்பிக்காயைத் துளைக்கும் வண்டு, தன் குடலில் வாழும் பற்றீரியாக்களின் உதவியால் கஃபீனைச் சிதைத்துவிட்டுக் கொட்டைக்குள்ளேயே குடும்பம் நடத்துகிறது. 1869இல் இலங்கையில் காணப்பட்ட இலைத்துரு நோய் நம் மலைகளின் கோப்பித் தோட்டங்களை அழித்தபோதும் கஃபீன் துணைக்கு வரவில்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. போத்தலில் ஒட்டியிருக்கும் செடியின் படத்தைப் பார்த்து மருந்து வாங்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. கராம்பு எண்ணெய்க்கு ஒரு விலையும் கறுவா இலை எண்ணெய்க்கு இன்னொரு விலையும் கொடுக்கிறோம். வெவ்வேறு குடும்பத்து மரங்களான இரண்டின் எண்ணெயிலும் பெரும்பகுதி யூஜெனோல் என்ற ஒரே பொருள்தான். செடியின் பெயரை விற்பவர்கள் வியாபாரிகள். விவசாயி வாங்க வேண்டியது செயற்படும் பொருளின் பெயரையும் அதன் சதவீதத்தையும். இவை இரண்டும், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிச் சட்டத்தின் கீழான பதிவு இலக்கமும் லேபலில் இல்லையென்றால், 'இயற்கை' என்று எவ்வளவு பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தாலும் அந்தப் போத்தலைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். பெயர் தெரியாத சாற்றை விற்பவரிடம் நான் ஆலோசனையும் கேட்கமாட்டேன்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது அளவைப் பற்றி. ஹவாயில் செய்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. அதில் 1 முதல் 2 சதவீதக் கஃபீன் கரைசல் நத்தைகளைக் கொன்றது. 16 லீற்றர் தெளிகருவியில் 1 சதவீதம் என்றால் 160 கிராம் கஃபீன். காய்ந்த தேயிலையில் 3 சதவீதம் என்று கொண்டு, அது முழுவதும் நீரில் இறங்குவதாக வைத்துக்கொண்டாலும், ஒரு முறை நிரப்ப 5 கிலோவுக்கு மேல் தேயிலை வேண்டும். அரபிகாக் கோப்பிக் கொட்டையில் கஃபீன் இதைவிடக் குறைவு என்பதால், அதற்குப் பத்துக் கிலோவும் போதாது. உங்கள் சாயம் தோற்றது தேயிலையின் குற்றமன்று. அந்தச் செறிவில் தெளித்தால் இளம் இலைகள் பாதிக்கப்படலாம். கஃபீன் நீரில் கரைவதால், தெளித்ததைக் கந்தப்பளை மழை கழுவிவிடும்.

நத்தை பகலில் எங்கே ஒளிகிறது என்பதைத் தேடுங்கள். கல்லணையின் இடுக்குகள், பாத்தி ஓரத்தில் குவித்த கோவாக் கழிவுகள், மக்காத எரு ஆகியவையே அதன் இருப்பிடங்கள். கழிவை அகற்றி, வாய்க்காலைத் திறந்து, மழையில்லாத நாட்களில் மாலையில் நீர் ஊற்றுவதை நிறுத்திக் காலையில் ஊற்றுங்கள். ஈரமில்லாத இரவில் நத்தை அதிகம் நடமாடாது. பாத்திகளுக்கிடையே ஈரச் சாக்கை விரித்து, விடியும்போது புரட்டினால் அடியில் திரண்டிருக்கும். பொறுக்கி உப்பு நீரில் போடுங்கள், அந்த நீரை மாத்திரம் பாத்தியில் ஊற்றாதீர்கள். இதற்கும் அடங்காவிட்டால் மெற்றல்டிஹைட் குருணையை லேபலில் உள்ள அளவுக்கு மேற்படாமல் இடலாம். அது நாய்க்கு நஞ்சு, ஆகையால் இட்ட இரவுகளில் காவல் நாயைக் கட்டிவையுங்கள்.