பாய்ப்படகு வாங்கும் முன்: வாசகர் கேள்விகள்

ஹட்டன்: காசல்ரீ நீர்த்தேக்கக் கரையோரம் இருக்கிறோம். நானும் மனைவியும் ஒரு பாய்ப்படகு வாங்கி, அதிலேயே ஓட்டிப் பழகலாமா?

இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் மொறட்டுவைப் பக்கம் பொல்கொட ஏரிக்கு இறங்கி, பயிற்சிப் படகில் பழகுங்கள். அங்கே சுற்றிவர மலை இல்லாததால் காற்று ஓரளவு ஒரே திசையில் வரும். செய்த பிழை எதுவென்று உடனே புரியும். இருவரும் சுக்கானை மாறி மாறிப் பிடியுங்கள். ஒருவரே ஓட்டிப் பழகினால், அவர் தண்ணீரில் விழும் நாளில் படகைத் திருப்பி அவரைத் தூக்க ஆளிருக்காது. நாலேகால் மீற்றர் லேசர் படகு மலிவாகக் கிடைத்தாலும் அது ஒருவர் ஓட்டும் படகு என்பதும் அங்கேதான் விளங்கும்.

மஸ்கெலியா: எதிர்க்காற்றில் கரைக்குத் திரும்புவது எப்படி?

காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைக்குள் எந்தப் பாயும் இழுக்காது. அதனால் வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். படகு நல்ல வேகத்தில் இருக்கும்போதே சுக்கான்பிடியைப் பாயிருக்கும் பக்கம் நிதானமாகத் தள்ளுங்கள். தலையைக் குனிந்து மறுபக்கம் மாறி உட்கார்ந்து, பிடியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். வேகமில்லாமல் திருப்பினால் படகு காற்றுக்கு நேரே நின்றுவிடும். அப்போது பாயின் அடிக்கட்டையையும் சுக்கான்பிடியையும் உங்களிடமிருந்து அப்பால் தள்ளிப் பிடியுங்கள். படகு பின்னோக்கி நகர்ந்து, முனை ஒரு பக்கம் திரும்பும். திரும்பியதும் இரண்டையும் உள்ளே இழுங்கள்.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும் காலத்தில் இன்னொரு கவனமும் வேண்டும். மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கட்டடங்கள் தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றன. படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கிய நடுப்பலகை அவற்றில் மோதினால் பிளந்துவிடும்.

நுவரெலியா: மலைக்காற்று ஆபத்தானதா?

பலத்தைவிடத் திடீரென மாறுவதுதான் ஆபத்து. மலையின் மறைவில் பாய் துவண்டு தொங்கும். பத்து மீற்றர் தள்ளி, கணவாய் வாயிலில், ஒரே அடியில் படகு சரியும். தண்ணீரைப் பாருங்கள். கருமையாகச் சிலிர்த்தபடி ஒரு திட்டு உங்களை நோக்கி ஓடி வந்தால் அதுதான் வீச்சு. அது தொடும் முன்பே காற்றுப்பக்க விளிம்பில் உட்கார்ந்து, பாயை இழுத்துப் பிடிக்கும் பாய்க்கயிற்றைத் தளர்த்தத் தயாராகுங்கள். அந்தக் கயிற்றை ஒருபோதும் கட்டி வைக்காதீர்கள். புதியவர்கள் கவிழ்வதற்கு அப்படிக் கட்டி வைப்பது ஒரு பெரிய காரணம்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று கடுமை. அந்த மாதங்களில் தொடங்க வேண்டாம். மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பரில் மதியத்துக்கு முன்பே கரையேறுங்கள். மாலை இடி மின்னலில் உயர்ந்து நிற்கும் அலுமினியப் பாய்மரத்தின் கீழ் இருக்கக் கூடாது.

கண்டி: நீச்சல் தெரியாது. உயிர்காப்பு அங்கி போதுமா?

போதாது. உடுத்த உடையோடு 50 மீற்றர் நீந்தப் பழகிய பிறகு வாருங்கள். அப்போதும் அங்கியைக் கரையிலேயே அணிந்து, பட்டிகளை இறுக்குங்கள். கவிழ்ந்தால் படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். பாய்க்கயிற்றைத் தளர்த்தி, முனையைக் காற்றுக்கு நேரே திருப்பி, நடுப்பலகையில் ஏறிப் படகின் விளிம்பைப் பிடித்தபடி பின்னால் சாயுங்கள். மலைநாட்டுத் தண்ணீர் குளிர்ந்தது. விரைவிலேயே விரல்கள் மரத்துப்போகும்.

பண்டாரவளை: பழைய லேசர் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்ப்பது?

பாய்மரக் குழியைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் வேண்டாம். குழிக்குள் தண்ணீர் ஊற்றுங்கள். மட்டம் இறங்கினால் அடியில் வெடிப்பு. பாய், பாய்மரம் இல்லாத வெறும் படகுடலின் எடை சுமார் 59 கிலோ. அதைவிட ஐந்தாறு கிலோ கூடினால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கலாம்.